பாக்ஸிங் டே ஆட்டங்கள்: கிறிஸ்துமஸ் வாரத்தில் லீக் நடத்தலாமா, நிறுத்தலாமா?

மூணுமணி_கிக்ஆஃப்:
2025-26 பருவத்தில் பாக்ஸிங் டே, அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டிசம்பர் 26 அன்று, இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கில் நடந்தது ஒரே ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட் – நியூகாஸில், இரவு 8 மணி. மீதி ஒன்பதில் ஏழு 27-ஆம் தேதி, இரண்டு 28-ஆம் தேதி. அட்டவணை வந்ததிலிருந்து "பாரம்பரியம் போச்சு" என்று ஒரு பக்கம் ஒப்பாரி. "மொத்தமாக இழுத்து மூடிவிட்டு ஜெர்மனி மாதிரி லீவு விடுங்கள்" என்று இன்னொரு பக்கம். அட்டவணை, காயம், புல்தரை, பயணம் என்று ஒவ்வொன்றிலும் விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தொழில்முறை ஆட்டங்களை இந்த வாரத்தில் வைக்கலாமா? வைத்தால் எப்படி வைப்பது? சொந்தக் கதை வேண்டாம், சரக்கு இருந்தால் எழுதுங்கள்.

பழைய_ஸ்கோர்கார்டு:
பாரம்பரியம் பேசுபவர்களுக்கு முதலில் கொஞ்சம் வரலாறு. ஷெஃபீல்ட் கிளப்பும் ஹாலமும் சாண்டிகேட் மைதானத்தில் 1860 டிசம்பர் 26 அன்று மோதின. இரண்டு கிளப்புகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டமே அதுதான். 1888-இல் லீக் தொடங்கிய பிறகு கிறிஸ்துமஸ் அன்றைக்கும் ஆடினார்கள். 25-ஆம் தேதி ஒரு ஊரில், மறுநாள் அதே எதிரணியோடு அவர்கள் ஊரில் என்பது வெகுகாலம் சாதாரண வழக்கம்.

1937 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செல்சியும் சார்ல்டனும் ஆடிக்கொண்டிருந்தபோது பனிமூட்டத்தால் ஆட்டம் கைவிடப்பட்டது. எல்லாரும் உள்ளே போனது தெரியாமல் சார்ல்டன் கோல்கீப்பர் சாம் பார்ட்ரம் தனியாகக் காவல் காத்துக்கொண்டிருந்தார். 1940 கிறிஸ்துமஸுக்கு நாரிச் போன பிரைட்டன் அணியில் ஐந்தே பேர். உள்ளூர் ஆட்களையும் கூட்டத்தில் இருந்த சிப்பாய்களையும் சேர்த்துக்கொண்டு ஆடி 18-0 என்று தோற்றார்கள்.

இது நின்றது பக்தியால் அல்ல. 1950-களில் ஃப்ளட்லைட் வந்ததும் வார நாள் இரவில் ஆட முடிந்தது. கிறிஸ்துமஸ் அன்று பஸ், ரயில் குறைந்துகொண்டே போனது. டாப் டிவிஷனில் 25-ஆம் தேதி முழுச் சுற்று கடைசியாக நடந்தது 1957-இல். இங்கிலாந்து லீக்கின் கடைசிக் கிறிஸ்துமஸ் ஆட்டம் 1965-இல், பிளாக்பூல் 4, பிளாக்பர்ன் 2. ஸ்காட்லாந்தில் 1958 வரை அது பொது விடுமுறையே இல்லை. அங்கே 1976-இல்கூட 25-ஆம் தேதி ஆட்டம் நடந்தது. எந்தத் தேதியில் ஆடுவது என்பதை எப்போதுமே வண்டிவசதியும் விளக்கும்தான் முடிவு செய்தன.

கோல்_மழை:
1963 பாக்ஸிங் டேயை விட்டுவிட்டீர்களே தலைவரே! முதல் டிவிஷனில் பத்து ஆட்டம், 66 கோல். ஃபுல்ஹாம் 10-1 இப்ஸ்விச். பர்ன்லி 6-1 மான்செஸ்டர் யுனைடெட். இரண்டே நாளில், 28-ஆம் தேதி, அதே அணிகள் திரும்ப மோதின. இப்ஸ்விச் 4-2 என்று ஜெயித்தது, யுனைடெட் 5-1 என்று திருப்பிக் கொடுத்தது. அப்போது மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. அன்றைக்கு 48 மணி நேரத்தில் பதினொரு பேரும் மறுபடி ஓடினார்கள், இன்றைக்கு என்ன நோகிறதாம்?

ஹாம்ஸ்ட்ரிங்:
66 கோல் விழுந்ததே பதில் சொல்கிறதே! சேற்றுத் தரையில் பாதி நேரம் நடந்தே ஆடிய ஆட்டத்தை, இன்றைக்கு ஒருவர் ஒரே ஆட்டத்தில் 10-11 கிலோமீட்டர் ஓடி, நூற்றுக்கணக்கான முறை திடீரென்று வேகமெடுத்துத் திடீரென்று நிற்கும் ஆட்டத்தோடு ஒப்பிட முடியாது. அந்தத் திடீர் நிறுத்தம்தான் தொடைத் தசையைக் கிழிக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் உள்ளே நடப்பது இதுதான். தசையில் சேமித்து வைத்த கிளைகோஜன் (சர்க்கரைச் சேமிப்பு) வெகுவாகக் கரைந்திருக்கும். முதல் நான்கு மணி நேரம் உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து கொடுக்கச் சொல்கிறார்கள். 75 கிலோ ஆளுக்கு மணிக்கு 75-90 கிராம், அதாவது நிறையவே சோறு அல்லது பாஸ்தா, கூடவே ஜூஸ். அதைச் சரியாகச் செய்தாலும் தொட்டி நிரம்ப 48 முதல் 72 மணி நேரம் ஆகும், ஏனென்றால் அடிபட்ட தசைநார் சர்க்கரையை மெதுவாகத்தான் இழுக்கும். தசைச் சேதத்தைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் இரத்தத்தில் உச்சத்துக்குப் போவதே 24 முதல் 48 மணி நேரத்துக்குள். அதாவது 26-ஆம் தேதி ஆடியவரை 28-ஆம் தேதி இறக்கினால், சேதம் உச்சத்தைத் தாண்டுகிற நேரத்தில் இறக்குகிறோம்.

சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் போட்டி) ஆடிய ஒரு கிளப்பின் இரண்டு பருவத் தரவை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடியவர்களுக்கு 1000 மணி நேரத்துக்கு 4.1 காயம், இரண்டு ஆடியவர்களுக்கு 25.6. அதைவிட முக்கியம், ஓடிய தூரமும் வேகமும் இரண்டு கூட்டத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆட்டக்காரர் அணியும் ஜிபிஎஸ் கருவியில் களைப்பு தெரியாது. "நன்றாகத்தானே ஓடினான்" என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தசை போய்விடும்.

அதனால் 26-ஆம் தேதி ஆடலாமா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அதற்கு அடுத்த ஆட்டம் எப்போது என்று கேளுங்கள்.

மூணுமணி_கிக்ஆஃப்:
அடுத்த ஆட்டம் பற்றி உறைக்கிற உதாரணம் 2019. வுல்வ்ஸ் டிசம்பர் 27 இரவு 7:45-க்கு மான்செஸ்டர் சிட்டியோடு ஆடி 3-2 என்று ஜெயித்தது. 29-ஆம் தேதி மாலை 4:30-க்கு ஆன்ஃபீல்டில் லிவர்பூலோடு. கிக்ஆஃப் (ஆட்டம் தொடங்கும் நேரம்) முதல் கிக்ஆஃப் வரை 44 மணி 45 நிமிடம்! 2017-18-இல் லிவர்பூல் டிசம்பர் 30 மூன்று மணிக்கு லெஸ்டரோடும், ஜனவரி 1 மூன்று மணிக்கு பர்ன்லியிலும் ஆடியது. அது சரியாக 48.

அட்டவணைப்_புலி:
அந்தக் கூத்துக்குத்தான் இப்போது 60 மணி விதி. கிறிஸ்துமஸை ஒட்டிய சுற்றுகளில் ஒரு கிளப்பின் இரண்டு ஆட்டங்களுக்கு இடையே 60 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று பிரீமியர் லீக் வாக்குக் கொடுத்திருக்கிறது. கிக்ஆஃபிலிருந்து எண்ணிப் பாருங்கள். 26 இரவு 8 மணி ஆட்டம் என்றால் 29 காலை 8 மணி வரை தொடக்கூடாது. 28 அடிபட்டுப் போகிறது. 27 மூன்று மணி என்றால் 30 விடிகாலை 3 மணி. 30 மாலை ஆடலாம். 28 மாலை நாலரை என்றால் 31 விடிகாலை நாலரை. டிசம்பர் 30 இரவு ஆடியவர்களை ஜனவரி 3-இலும், ஜனவரி 1 இரவு ஆடியவர்களை 4-ஆம் தேதியிலும் போடலாம். சுற்று மூன்று நாளாகப் பரவுவது டிவிக்காக மட்டும் அல்ல, இந்தக் கணக்குக்காகவும்தான்.

ஏன் ஒரே ஆட்டம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். 380 ஆட்டங்களை 33 வார இறுதிகளிலும் மீதிச் சுற்றுகளை வார நாட்களிலும் முடிக்க வேண்டும். 2024-25 முதல் சாம்பியன்ஸ் லீக் முதல் கட்டம் ஆறிலிருந்து எட்டு ஆட்டமாகி ஜனவரி வரை நீண்டுவிட்டது. எஃப்.ஏ. கோப்பைக்கு லீக் ஆட்டம் இல்லாத வார இறுதிகள் ஒதுக்கியாயிற்று. 2025-இல் 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. வார இறுதிச் சுற்று என்று ஒளிபரப்பாளர்களுக்கு விற்றாயிற்று, அதனால் வெள்ளிக்கு ஒன்றை மட்டும் இழுக்க முடிந்தது. சதி எதுவும் இல்லை, காலண்டர்தான்.

வடலண்டன்_பொடியன்:
எல்லாரும் விளையாடுற ஆக்களைப் பற்றித்தான் கதைக்கிறீங்கள். பார்க்கப் போற சனத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. 25-ஆம் திகதி இங்க ரெயினே ஓடாது. 26-இலயும் பெரும்பாலான பாதைகளில ரெயின் இல்லை. சனம் குறைஞ்ச நாள் எண்டு தண்டவாள வேலையளை அந்த நாட்களிலதான் செய்யிறவை. லண்டனுக்குள்ள ட்யூப் ஓடும், அதுவும் குறைச்சல்தான்.

நியூகாஸிலிலயிருந்து மான்செஸ்டருக்கு றோட்டால ஏறத்தாழ 230 கிலோமீற்றர். எட்டு மணி ஆட்டம் முடிய பத்து மணி. ரசிகர் கோச் பஸ் தரிப்பிடத்தை விட்டு வெளியில வரவே அரை மணித்தியாலம் பிடிக்கும். வீடு போய்ச் சேர ஒரு மணி தாண்டும். சாரதிக்கு நாலரை மணித்தியாலம் ஓடினா 45 நிமிஷ இடைவேளை குடுக்க வேணும், நாள் முடிய சாதாரணமா 11 மணித்தியால ஓய்வு குடுக்க வேணும். விடிய ஒரு மணிக்கு இறங்கிற சாரதியை அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் தொடேலாது. 27-ஆம் திகதிக்கு இன்னொரு சாரதி தேவை, அதுவும் விடுமுறைச் சம்பளத்தில. அவே ரிக்கெற்றுக்கு (வெளியூர் அணியின்ர ரசிகருக்கான ரிக்கெற்) 2016-17-இலயிருந்து 30 பவுண் உச்சவரம்பு இருக்கு, நல்ல விசயம். ஆனா இந்த நாளில கோச் காசு ரிக்கெற்றை விழுங்கிப்போடும்.

நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பன்னிரண்டரைக்கும் மூண்டுக்கும் இடையில தொடங்குங்கோ, கிட்டடி அணிகளைக் கோத்து விடுங்கோ. டிவிக்காக இரவு எட்டு மணிக்குத் தள்ளுறதுதான் அநியாயம்.

அட்டவணைப்_புலி:
கிட்டடி அணிகள் என்று சொல்வது சுலபம், கோப்பதுதான் பாடு. 2025-26-இல் லண்டனில் ஏழு கிளப். ஒற்றைப்படை, ஒன்று எப்படியும் வெளியே போகும். நியூகாஸிலுக்கு அக்கம்பக்கம் என்றால் சண்டர்லேண்ட் மட்டும். அந்த டெர்பியை (பக்கத்து ஊர்ப் பகையாளிகள் மோதும் ஆட்டம்) விடுமுறை நாளில் வைக்கச் சொன்னால் போலீஸ் ஒத்துக்கொள்ளாது. சாதாரண ஆட்டத்தைவிடப் பல மடங்கு ஆள் வேண்டும். அதனால் "பக்கத்து ஊர், ஆனால் பகை இல்லாத ஊர்" தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு மேல் நிரந்தர விதிகள் உண்டு. 26-ஆம் தேதி சொந்த மைதானம் என்றால் புத்தாண்டு ஆட்டம் வெளியூரில். எந்த ஐந்து ஆட்டங்களை எடுத்தாலும் சொந்த ஊரும் வெளியூரும் மூன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். லிவர்பூலும் எவர்டனும் ஒரே நாளில் சொந்த ஊரில் ஆடக்கூடாது, மான்செஸ்டரில் இரண்டும் அப்படியே. கிறிஸ்துமஸில் ஒரு ஜோடியை மாற்றினால் ஆகஸ்டில் ஏதோ ஒன்று உடையும்.

புல்லும்_பனியும்:
தரையைப் பற்றியும் கொஞ்சம். டிசம்பர் கடைசியில் மான்செஸ்டரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். உயரமான ஸ்டாண்டுகளின் நிழலில் தெற்குப் பக்கத்துப் புல்லுக்கு அந்த மாதம் முழுக்க நேர் வெயிலே கிடைக்காது. மண்ணின் வெப்பம் 5-6 டிகிரிக்குக் கீழே போனால் மைதானப் புல்லான ரைகிராஸ் வளர்வதை நிறுத்திவிடும். செப்டம்பரில் ஒரு வாரத்தில் மூடிக்கொள்ளும் காயம் டிசம்பரில் அப்படியே கிடக்கும். அதனால்தான் ராத்திரி முழுக்க விளக்கு வண்டிகளைத் தரைமேல் உருட்டி வைக்கிறார்கள். பெயர்ந்த துண்டுகளை ஆட்டம் முடிந்த அன்றே முள்கரண்டியால் தூக்கி அமுக்கிவிட வேண்டும். பனி விழுந்த பிறகு கை வைத்தால் வேர் அறுந்துவிடும். ஏற்கனவே முளைகட்டிய விதையைத்தான் கோல் முகப்பில் தூவ வேண்டும், உலர்ந்த விதை அந்தக் குளிரில் சும்மா கிடக்கும்.

தரைக்கு அடியில் சூடு இருக்கிறதே என்பார்கள். சுமார் 25-30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழாய், அதில் வெந்நீர். காலையில் திறந்தால் மதியத்துக்குள் பனி உருகிவிடாது, வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து நாள் கணக்கில் முன்பே திறக்க வேண்டும். அதிகம் சூடேற்றினால் வேர்ப்பகுதி காய்ந்து, வெளிச்சம் இல்லாமல் புல் நெட்டையாக வளர்ந்து, பூஞ்சை பிடிக்கும். எவர்டன் 1958-இல் குடிசன் பார்க்கில் மின்கம்பி புதைத்தது. பனி உருகியது, உருகிய தண்ணீரை வடிகால் தாங்கவில்லை. 1960-இல் தரையைத் திரும்பத் தோண்டி வடிகால் போட்டார்கள். இன்றைக்கும் பெரிய மைதானங்களில் பனிக்கால ஆட்டம் ரத்தாவது பெரும்பாலும் தரையால் அல்ல. வெளியே நடைபாதையும் படிக்கட்டும் வழுக்குவதால்.

ஆட்டத்தை வையுங்கள், ஆனால் பத்து நாளில் ஒரே தரையில் மூன்று ஆட்டம் வேண்டாம்.

நாலாம்_டிவிஷன்:
மேலே இருக்கிறவர்கள் ஆடுவதும் ஆடாததும் அவர்கள் பாடு. கீழே நிலைமை வேறு. பிரீமியர் லீக்கின் உள்நாட்டு டிவி ஒப்பந்தம் 2025 முதல் நான்கு பருவத்துக்கு 670 கோடி பவுண்ட். அங்கே கேட் காசு (வாசல் டிக்கெட் வசூல்) சில்லறை. லீக் டூ (நாலாம் டிவிஷன்) கிளப்புக்கு கேட் காசில்தான் ஜனவரிச் சம்பளம். பாக்ஸிங் டேயில் ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகள், பேரன்கள், வருடத்தில் ஒரே ஆட்டம் பார்க்கிறவர்கள் வருவார்கள். சீசன் டிக்கெட்காரர் ஏற்கனவே கட்டிவிட்டார், அவரால் அன்றைக்குப் புதுக் காசு இல்லை. கிளப்புக்கு லாபம் வாசலில் டிக்கெட் வாங்குகிறவராலும், மதுபார், 'பை' என்ற தின்பண்டம், லாட்டரி விற்பனையாலும்தான். மொத்தக் கூட்டத்தில் சீசன் டிக்கெட் எத்தனை பங்கு என்று பார்த்தாலே அந்தக் கிளப்புக்கு 26-ஆம் தேதி எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துவிடும்.

செலவும் சொல்லிவிடுகிறேன். ஸ்டூவர்டுகளில் (மைதானத்தில் கூட்டத்தைக் கவனிக்கும் ஊழியர்கள்) பலர் மாணவர்கள், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். ஆள் குறைந்தால் ஒரு ஸ்டாண்டையே திறக்க முடியாது. இத்தனை ரசிகருக்கு இத்தனை பேர் என்று பாதுகாப்புச் சான்றிதழில் இருக்கிறது. நவம்பரிலேயே பெயர்ப்பட்டியல் எடுத்துவைக்காத கிளப்புகள் 23-ஆம் தேதி ஏஜென்சிக்கு இரட்டைக் கூலி கொடுக்கும். தரைக்குச் சூடு இல்லாத மைதானமாக இருந்தால் முந்தின இரவே பனிவிரிப்பு போட்டு, காலை பரிசோதனையைச் சீக்கிரம் முடித்து, வெளியூர் கோச் கிளம்புவதற்கு முன் தகவல் சொல்லிவிட வேண்டும். பாதி வழியில் ரத்து என்று சொல்வதைப்போல அநியாயம் இல்லை.

லீவு_விடுங்கப்பா:
எல்லாம் சரி, ஜெர்மனிக்காரன் முட்டாளா? 1986-87 முதல் குளிர்கால இடைவேளை விடுகிறான். ஐரோப்பியக் கிளப்புகளை ஏழு பருவம் பார்த்த ஆய்வில், இடைவேளை இல்லாத அணிகள் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 303 ஆட்டக்காரர்-நாட்கள் கூடுதலாகக் காயத்தில் இழக்கின்றன என்று வந்தது. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஹாம்ஸ்ட்ரிங்:
அந்த 303 சரியான எண்தான். ஆனால் அது இடைவேளைக்கு ஆதாரம், கிறிஸ்துமஸ் அன்றே விட வேண்டும் என்பதற்கு அல்ல. இங்கிலாந்தும் 2019-20-இல் பிப்ரவரியில் இடைவேளை தொடங்கியது, பிறகு ஜனவரிக்கு மாற்றி, 2024-25-இல் எடுத்தே விட்டது. ஜனவரி நடுவில் இரண்டு வாரம் கொடுத்தாலும் தசைக்கு ஒன்றுதான். காலண்டரில் எந்தப் பண்டிகை என்று அதற்குத் தெரியாது.

அட்டவணைப்_புலி:
ஜெர்மனியில் 18 கிளப், 34 ஆட்டம். லீக் கோப்பை என்று இரண்டாவது கோப்பை கிடையாது. இங்கே 20 கிளப், 38 ஆட்டம், லீக் கோப்பை அரையிறுதி இரண்டு லெக் (ஆளுக்கொரு ஊரில் ஓர் ஆட்டம்). அந்த அரையிறுதியை ஒற்றை ஆட்டமாக்கினாலே ஒரு வார நாள் மிச்சம். அதைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை, 26-ஆம் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அப்படிக் கொடுத்த ஓய்வைக் கிளப்புகள் என்ன செய்யும் என்பதும் தெரிந்ததே. 2023-24 பருவம் மே 19 முடிந்தது; மே 22 அன்று டாட்டன்ஹாமும் நியூகாஸிலும் மெல்போர்னில் நட்பு ஆட்டம் ஆடின.

லீவு_விடுங்கப்பா:
அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனால் இத்தாலியும் 2018-இல் டிசம்பர் 26 முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டதே?

பழைய_ஸ்கோர்கார்டு:
அந்த நாள் இன்டர் – நாப்போலி ஆட்டத்தை வைத்துத்தான் பலர் பேசுகிறார்கள். சான் சிரோவுக்கு வெளியே ரசிகர் கூட்டங்கள் மோதி ஒருவர் இறந்தார். உள்ளே நாப்போலி ஆட்டக்காரர் கூலிபாலி மீது இனவெறிக் கூச்சல். இன்டர் இரண்டு ஆட்டங்களைப் பார்வையாளர் இல்லாமல் ஆட வேண்டியிருந்தது. அடுத்த பருவம் அந்தத் தேதி அட்டவணையில் இல்லை. ஆனால் அந்த வன்முறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தம் இல்லை, அதை இங்கே வாதமாக எடுக்காதீர்கள்.

கோல்_மழை:
சரி, 2026-இல் டிசம்பர் 26 சனிக்கிழமை. பருவம் ஆகஸ்டு 22 வார இறுதியில் தொடங்குகிறது. அன்றைக்காவது நிறைய ஆட்டம் இருக்குமா? நமக்கு இங்கே இந்தியாவில் மூன்று மணி ஆட்டம் என்றால் ராத்திரி எட்டரை, சௌகரியம். அந்த எட்டு மணி ஆட்டத்தை விடிகாலை ஒன்றரைக்கு யார் உட்கார்ந்து பார்ப்பது?

அட்டவணைப்_புலி:
இருக்கும். சனி என்பதால் அதிக ஆட்டம் வரும் என்று லீக்கே சொல்லியிருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பிரிட்டனில் சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை நேரடி ஒளிபரப்புக்குத் தடை. கீழ் டிவிஷன் கூட்டத்தைக் காப்பாற்றத்தான் அந்த விதி. 2024-இல் 26 வியாழன், தடை இல்லை, எட்டு ஆட்டத்தையும் டிவியில் காட்ட முடிந்தது. சனியில் மூன்று மணி ஆட்டத்தை இந்தியாவில் பார்க்கலாம், மான்செஸ்டரில் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் ஒளிபரப்பாளர் பன்னிரண்டரைக்கும் ஐந்தரைக்கும் எட்டுக்கும் ஆட்டங்களை இழுக்கப் பார்ப்பார்.

வடலண்டன்_பொடியன்:
எட்டு மணிக்கு இழுத்தா திரும்பவும் அதே ரெயின் பிரச்சினைதான். ஐந்தரைக்கு மேல கிக்ஆஃப் இல்லை எண்டு அந்த ஒரு நாளுக்கு மட்டும் எழுதி வைக்கட்டும், போதும்.

ஹாம்ஸ்ட்ரிங்:
நான் பார்ப்பது 28-ஆம் தேதியை. பாக்ஸிங் டே சனியில் விழுவதால் திங்கள் 28 பிரிட்டனில் மாற்று விடுமுறை. கேட் காசுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது, எல்லாருக்கும் ஆசை வரும். பிரீமியர் லீக்கில் 26 மூன்று மணிக்கு ஆடியவரை 60 மணி விதி 29 விடிகாலை வரை தடுக்கும். அந்த வாக்கு பிரீமியர் லீக்குக்கு மட்டும்தான்.

நாலாம்_டிவிஷன்:
கீழே 26, 28 இரண்டும் வைத்தால் கிளப்புக்குக் காசு, ஆட்டக்காரனுக்கு 48 மணி. 22 பேர் ஸ்க்வாடில் ஐந்து பேர் ஏற்கனவே சிகிச்சையில் இருப்பார்கள். 26-ஐ ஒரு மணிக்கும் அடுத்த ஆட்டத்தை 29 இரவுக்கும் வைத்தால் கிட்டத்தட்ட 79 மணி கிடைக்கும், கூட்டம் கொஞ்சம் குறையும். எங்கள் டிவிஷனில் அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் நான் சொல்வேன். கிளப் பொருளாளர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.